ஊசி போட்ட குட்டி ஏன் செத்தது?

கேள்வி: "எங்களிடம் 6 பெட்டை வெள்ளாடுகள் உள்ளன. மார்கழியில் 9 குட்டிகள் பிறந்தன. தை மாதக் கடைசியில் ஊருக்கு முகாம் வந்தபோது தாய், குட்டி எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போய் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டோம். சித்திரையில் குட்டிகளுக்கு மூக்கு ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சல் கண்டது. ஒரே வாரத்தில் 5 குட்டிகள் போய்விட்டன. தாய் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டில் அதே முகாமில் ஊசி போட்ட 3 குட்டிகளும் நன்றாக மேய்கின்றன. மருந்தே சரியில்லை, இனிமேல் நம் வீட்டு ஆடு எந்த முகாமுக்கும் வராது என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?"
- வாசகி ஒருவர், புவனகிரி வட்டம், கடலூர் மாவட்டம்.

பதில்: தீபாவளிக்கு விற்றுக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டு வளர்த்த குட்டிகள் ஒரே வாரத்தில் போனால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். வீட்டுக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், மருந்தின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. அதற்கான சாட்சி இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

மருந்து கெட்டுப்போயிருந்தால், அதே நாளில் அதே குப்பியிலிருந்து போட்ட எதிர்வீட்டுக் குட்டிகளையும் நோய் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. இது போதாது என்று அந்த அம்மாவிடம் தொலைபேசியில் விசாரித்தபோது இன்னும் ஒரு விவரம் கிடைத்தது. அவருடைய ஆறு தாய் ஆடுகளுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை இதே ஊசி போட்டிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் ஆடுகளைப் போன ஆனி மாதம்தான் சந்தையில் பிடித்து வந்தார்கள். தை முகாமுக்கு முன்பு அவற்றுக்கு எந்த ஊசியும் போட்டதில்லை.

அக்கறையாகத் தாய்க்கு ஊசி போட்ட வீட்டில் குட்டி செத்திருக்கிறது. ஒன்றும் போடாத வீட்டில் குட்டி பிழைத்திருக்கிறது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். விஷயம் சீம்பாலில் இருக்கிறது.

நோய்க்கிருமியைப் பிடித்து முடக்கும் ஒருவகைப் புரதம் இரத்தத்தில் உண்டு. இதை எதிர்ப்புப் புரதம் என்பார்கள். ஒருமுறை நோய் வந்து பிழைத்தாலோ, தடுப்பூசி போட்டாலோ, அந்தந்த நோய்க்கென்று உடம்பு இதைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். மனிதக் குழந்தைக்கு இந்தப் புரதம் தாய் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடும். ஆடு, மாடு, எருமைக்கு அந்த வழி கிடையாது. அவற்றின் நஞ்சுக்கொடி இந்தப் புரதத்தை உள்ளே விடாது. அதனால் பிறந்து விழும் குட்டியின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் அநேகமாக இருப்பதே இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் சீம்பால்.

சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்தால் கட்டியாக வருகிறது அல்லவா? மூன்று நான்கு நாள் கழித்துக் கறந்த பாலை எவ்வளவு வேகவைத்தாலும் அப்படிக் கட்டாது. சீம்பாலில் அவ்வளவு புரதம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு இந்த எதிர்ப்புப் புரதம்தான். கட்டியாகிவிட்டால் அது நமக்குப் பலகாரம். குட்டிக்கு அதனால் பயனில்லை. வெந்த முட்டை குஞ்சு பொரிக்காததைப் போலத்தான். தாய் செத்து, வேறு ஆட்டின் சீம்பாலை எடுத்து ஊட்டும்போது இதை மறக்கக் கூடாது. குளிர் தெரியாத அளவுக்கு வெதுவெதுப்பாக்கினால் போதும், காய்ச்சக் கூடாது.

இன்னொரு விஷயம் நேரம். குட்டியின் குடல் இந்தப் புரதத்தை முழுசாக அப்படியே உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்புவது பிறந்த முதல் ஒரு நாள் மட்டும்தான். அதிலும் முதல் 6 மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொள்ளும். 24 மணி நேரம் கழித்து எவ்வளவு குடித்தாலும் அது வயிற்றுக்குச் சாப்பாடு, அவ்வளவே. "நஞ்சு விழட்டும், அப்புறம் மடியில் விடலாம்" என்று காத்திருக்கும் பழக்கம் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. இதைப்போல் கெடுதல் வேறில்லை. குட்டி எழுந்து நின்றதும் மடியில் விட வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லி, அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் போக வேண்டும். அதில் பாதி முதல் 6 மணி நேரத்துக்குள் போக வேண்டும். மூன்று குட்டி ஈன்றால் இளைத்த குட்டியைப் பலத்த குட்டிகள் தள்ளிவிடும். அதைத் தனியாகப் பிடித்து ஊட்டுங்கள்.

ஆக, இந்த அம்மாவின் வீட்டில் தாய் ஆடுகளுக்கு ஊசி போட்டிருந்ததால் சீம்பாலில் ஆட்டுக்கொல்லி நோய்க்கான எதிர்ப்புப் புரதம் நிறைய இருந்திருக்கும். குட்டிகளும் நன்றாகக் குடித்திருக்கின்றன. மார்கழிப் பனியிலும் தையிலும் அவை நோயில்லாமல் துள்ளியதற்கு அதுதான் காரணம்.

சிக்கல் முகாம் நாளில்தான் நடந்தது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி என்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. ஊசி போட்டதும் அது உடம்புக்குள் கொஞ்சம் பெருக வேண்டும். அப்போதுதான் குட்டியின் உடம்பு அதை அடையாளம் கண்டு, தானே புரதம் தயாரிக்கும் வேலையில் இறங்கும். ஆனால் தாயிடமிருந்து வந்த புரதத்துக்கு இது நோய்க்கிருமி, இது ஊசிக்கிருமி என்ற பேதம் தெரியாது. உள்ளே வந்ததைப் பிடித்து முடக்கிவிடும். எள் விதைத்த வயலில் முளைப்பதற்குள் எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போய்விடுகிற மாதிரி. விதையும் நல்ல விதை, நிலமும் நல்ல நிலம், பயிர் மட்டும் இல்லை.

எதிர்வீட்டில் அந்த எறும்பு இல்லை. அங்கே தாய்க்கு ஊசி போடவில்லை, அதனால் சீம்பாலிலும் இந்த நோய்க்கான புரதம் இருந்திருக்காது. ஒன்றரை மாதக் குட்டிக்குப் போட்ட ஊசி பிடித்துக்கொண்டது. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் தாய்க்கு ஊசி போடாமல் இருப்பதே மேல் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அந்தக் குட்டிகள் பிறந்த நாள் முதல் ஊசி பிடித்த நாள் வரை எந்தக் காவலும் இல்லாமல் இருந்தவை. அந்த ஒன்றரை மாதத்தில் நோய் வந்திருந்தால் எதிர்வீட்டில்தான் அழுகை கேட்டிருக்கும்.

குட்டி சின்னது, அதற்கு எதிர்ப்பு உண்டாக்கத் தெரியாது, அதனால்தான் ஊசி பிடிக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழு உண்மை அல்ல. ஆட்டுக்குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே சில கிருமிகளுக்கு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் திறனைப் பெற்றுவிடுகிறது. பிறந்த குட்டிக்கு முன் அனுபவம் கிடையாது, முதல் முறை தயாரிக்க 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும், அளவும் குறைவாக இருக்கும். ஆனால் தெரியவே தெரியாது என்பதில்லை. அதன் கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் தாய் கொடுத்த புரதம்தான்.

தாய் கொடுத்த புரதம் நிலைத்து நிற்பதல்ல. கிணற்றில் ஊற்றில்லாமல் வெளியிலிருந்து ஊற்றிய தண்ணீர் அது. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். கணக்குக்காக முதல் நாளில் 64 பங்கு என்று வையுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியானால் ஆறாவது வாரத்தில் 16, பன்னிரண்டாவது வாரத்தில் 4, பதினெட்டாவது வாரத்தில் 1 என்று இறங்கும். முகாம் வந்தபோது இந்த அம்மாவின் குட்டிகளிடம் 16 பங்கு அளவில் இருந்திருக்கும். ஊசியை அழிக்க அது தாராளம். சித்திரையில் ஒன்று இரண்டு பங்குதான் மிச்சம். நோயைத் தடுக்க அது போதாது. தாய் கொடுத்தது தீர்ந்துவிட்டது, சொந்தமாக ஒன்றும் தயாராகவில்லை. அந்த இடைவெளியில்தான் நோய் நுழைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குப் புரதம் குறைந்த பிறகும், ஊசியைக் கெடுக்கும் அளவுக்கு அது இருக்கும் சில வாரங்கள் உண்டு. அந்தச் சில வாரங்களில் குட்டிக்கு எந்தப் பக்கமும் காவல் இல்லை. அதை முற்றிலும் ஒழிக்க வழியில்லை, சுருக்கத்தான் முடியும். ஊசி போட்ட தாய்க்குப் பிறந்த குட்டிகளில் நான்காவது மாதத்தில்தான் தாயின் புரதம் போதாத அளவுக்கு இறங்குகிறது. அரசுத் திட்டங்களில் 4 மாதத்துக்கு மேற்பட்ட ஆடுகளுக்கு இந்த ஊசி என்று வைத்திருப்பது அதனால்தான். ஒரே தாயின் இரட்டைக் குட்டிகளில்கூட ஒன்று அதிகம் குடித்திருக்கும், ஒன்று குறைவாகக் குடித்திருக்கும். ஒன்றுக்கு ஊசி பிடித்து மற்றதற்குப் பிடிக்காமல் போகலாம். இந்த வீட்டில் 9 குட்டிகளில் 4 பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிள்ளை பெற்ற வீட்டில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகு, இரண்டாவது 16 மாதத்துக்கு மேல் என்று இருக்கும். பிறந்தவுடனே ஏன் போடவில்லை? தாய் கொடுத்த புரதம் அதைக் கெடுத்துவிடும் என்பதால்தான். வேடிக்கை என்னவென்றால், ஆட்டுக்கொல்லிக் கிருமியும் தட்டம்மைக் கிருமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாட்டுக்கு வரும் வெக்கை நோய்க் கிருமியும் அந்தக் குடும்பம்தான். வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 2011-ல் அறிவித்தார்கள். இப்போது ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிப்பது என்று உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. மாடு வீட்டில் பத்து வருடம் நிற்கும். ஆடு அப்படியல்ல, ஒவ்வொரு ஆண்டும் மந்தையில் பெரும்பங்கு புதுக்குட்டிகள். குட்டிகளுக்குச் சரியான வயதில் ஊசி போய்ச் சேராவிட்டால் அந்த இலக்கு எட்டாது.

இந்த நோய்க்கும் நம் பகுதிக்கும் பழைய தொடர்பு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942-ல் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1987-ல், அரசூரில். உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறதே, அதே அரசூர்தான். அப்போது அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல்தான் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. அரசூரில் செம்மறி ஆடுகளில் எடுத்த அந்தக் கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பின்னாளில் 'அரசூர் 87' என்ற தடுப்பூசி வகையை உருவாக்கியது. நம் மண்ணில் ஆடு செத்த இடத்திலிருந்தே மருந்தும் வந்திருக்கிறது. அந்த ஊசியை வயது பார்க்காமல் போட்டு வீணாக்குவது பெரிய பாவம்.

இனி இந்தப் பகுதியின் காலக்கணக்கைப் பார்ப்போர் ஒன்றைக் கவனிப்பார்கள். சிதம்பரம், புவனகிரி, குமராட்சி பக்கத்தில் சம்பா அறுவடைக்கு முன் ஈரத்திலேயே உளுந்து தெளிப்பார்கள். உளுந்து நிற்கும்வரை வயலில் ஆடு இறங்க முடியாது. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் உளுந்து பிடுங்கியதும் வயல் திறக்கும். ஊர் ஆடுகள் எல்லாம் ஒரே வயலில் கலக்கும். அதே சமயத்தில்தான் கிடை போட வெளியூர் மந்தைகளும் காவிரிப் பாசனப் பகுதிக்கு வரும். கீதாரிகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிடை இல்லாமல் வயலுக்கு எரு ஏது? ஆனால் கார்த்திகை, மார்கழியில் பிறந்த குட்டிக்கு மூன்றரை, நான்கு மாதம் ஆவதும் அப்போதுதான். அதாவது தாய் கொடுத்த காவல் தீரும் வாரமும் வயல் திறக்கும் வாரமும் நம் பகுதியில் ஒன்றாக வந்து விழுகின்றன. மழைக் காலத்தில் பிறக்கும் குட்டிகளை வளர்ப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி இழப்பு குறையும்.

செய்ய வேண்டியது இதுதான். குட்டி பிறந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம், "மார்கழியில் போட்டது" என்றால் அதில் ஒரு மாதம் முன்பின் ஆகிவிடும். 4 மாதம் முடிந்ததும் ஊசி. ஊசி போட்ட பிறகு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை குட்டிகளைத் திறந்த வயலில் விடாமல் வீட்டிலேயே அகத்தி, சூபாபுல், பூவரசு இலை கட்டி வளருங்கள். ஊசிக்கு இரண்டு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் இன்னும் நல்லது. புழுவும் கழிச்சலுமாக இருக்கும் குட்டிக்கு ஊசி சரியாகப் பிடிக்காது.

பக்கத்து ஊரில் நோய் இருக்கிறது, குட்டிக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, என்ன செய்வது? அப்போது கால்நடை மருத்துவர் பார்த்து முன்கூட்டியே ஊசி போடலாம். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் 4 மாதம் முடிந்து மறுபடியும் போட வேண்டும். "ஒருமுறை போட்டால் 3 வருடம் தாங்கும்" என்று சொல்வது உண்மைதான், ஊசி பிடித்த ஆட்டுக்கு. ஒன்றரை மாதத்தில் போட்டுவிட்டு, நோட்டில் டிக் அடித்துவிட்டு, மூன்று வருடம் நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து. ஊசியே போடாத குட்டியைவிட இந்தக் குட்டிக்கு ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாம் ஊருக்கு ஒரு நாள் வரும். அன்று எல்லாக் குட்டிக்கும் 4 மாதம் ஆகியிருக்காது. "வந்தது வந்தாச்சு, எல்லாத்துக்கும் போட்டு விடுங்க சார்" என்று கேட்பது ஊர் வழக்கம். கேட்காதீர்கள். சின்னக் குட்டிகளைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, வயது வந்ததும் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. இந்த மருந்து பொடியாக, ஒரு குப்பியில் 50 அல்லது 100 ஆடுகளுக்கான அளவில் வருகிறது. கரைத்துவிட்டால் குளிரில் வைத்தாலும் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். நாலு குட்டிக்காக ஒரு குப்பியை உடைக்க மருத்துவருக்கு மனம் வராது, வரவும் கூடாது. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து 50 குட்டிகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அவர் வந்து போட்டுவிடுவார். மழைக்காலக் குட்டிகளுக்கென்று பங்குனியில் இரண்டாவது முகாம் வேண்டும் என்று கிராமசபையில் கேட்டுத் தீர்மானம் போடுவதில் தப்பே இல்லை. தை முகாமை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியில் குட்டிகளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அந்த வீட்டில் மீதமுள்ள 4 குட்டிகளைப் பற்றி: நோய் கண்டு பிழைத்தவை என்றால் அவற்றுக்கு எதிர்ப்பு தானாகவே வந்திருக்கும். நோயே தொடாதவற்றுக்கு, மந்தை முழுவதும் தெளிந்த பிறகு மருத்துவரைக் கேட்டு ஊசி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, வந்தது ஆட்டுக்கொல்லிதானா என்று உறுதி செய்திருக்க வேண்டும். காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், நாற்றம், கழிச்சல், மூச்சிரைப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகம் அதன் மேல்தான் போகும். ஆனாலும் இரத்தக் கழிச்சலும் சளி நோயும் அந்த வயதுக் குட்டிகளைக் கொல்லும். அடுத்த முறை முதல் குட்டி படுத்ததுமே மருத்துவரிடம் சொல்லுங்கள், 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் அழைக்கலாம். செத்த குட்டியை வாய்க்காலில் போடாமல் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு, ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: முகாமுக்குத் தாய் ஆடுகள் போகட்டும். குட்டிகள் தேதி வரும்வரை வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: "கன்றுக்கு 2 மாதம் ஆகிறது. கோமாரி ஊசி இப்போதே போடலாமா? பசுவுக்குப் போட்டால் பால் குறைந்துவிடும் என்கிறார்களே?"
- வாசகர் ஒருவர், குறிஞ்சிப்பாடி.

பதில்: மேலே சொன்ன கணக்குதான் இதற்கும். பசுவுக்கு ஒழுங்காக ஊசி போட்டிருந்து, கன்று சீம்பால் குடித்திருந்தால் இரண்டாம் மாதத்தில் போடும் ஊசி பிடிக்காது. 4 மாதம் முடியட்டும். ஆனால் கோமாரி ஊசி செத்த கிருமியில் தயாரிப்பது. உள்ளே போய்ப் பெருகாது. அதனால் முதல் ஊசி கன்றின் உடம்புக்கு அறிமுகம் மட்டும்தான். ஒரு மாதம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசியில்தான் புரதம் வேகமாகவும் நிறையவும் தயாராகும். அந்த இரண்டாவது ஊசியைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை.

பால் ஓரிரு நாள் குறையலாம், பிறகு பழையபடி வந்துவிடும். கோமாரி வந்தால் குறையும் பால் அந்தக் கறவைக் காலம் முழுவதும் திரும்பாது. கன்றுக்கு அது இன்னும் கொடியது. பெரிய மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் வரும் நோய், கன்றுக்கு நேராக இதயத் தசையைத் தாக்கும். வாயில் கொப்புளம் தெரியும் முன்பே கன்று சுருண்டு விழுந்துவிடும். தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் 2019 முதல் இந்த ஊசி இலவசம். கன்றுக்குக் காதுத் தோடு போடும்போதே 12 இலக்க எண்ணுக்குப் பக்கத்தில் பிறந்த தேதியையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: "நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு 7-ஆம் நாளே சொட்டு மருந்து விடச் சொல்கிறார்கள். ஆட்டுக்குட்டிக்கு 4 மாதம், கோழிக்குஞ்சுக்கு ஒரு வாரமா?"
- வாசகி ஒருவர், பரங்கிப்பேட்டை.

பதில்: நல்ல கேள்வி. கோழிக்குச் சீம்பால் கிடையாது. தாய்க்கோழி தன் புரதத்தை மஞ்சள் கருவில் வைத்து அனுப்புகிறது. குஞ்சு வேகமாக வளர்வதால் அது இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதோடு, இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விடுகிறோம். கிருமி நுழையும் வாசலிலேயே அது காவல் ஏற்படுத்துகிறது. இரத்தத்தில் ஓடும் தாயின் புரதம் அங்கே அவ்வளவாகக் குறுக்கிடாது. ஆனால் அந்தக் காவல் நெடுநாள் நிற்காது. அதனால்தான் 8-ஆவது வாரத்தில் இறக்கையில் ஊசி போட வேண்டும். சொட்டு விட்டாச்சே என்று அதை விட்டவர்கள்தான் கூடை கூடையாகக் கோழியைப் புதைக்கிறார்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் முகாமில் இந்த ஊசி இலவசம். கோழிகளை முந்தின இரவே கூடையில் அடைத்து வைத்தால் காலையில் துரத்திப் பிடிக்கும் வேலை மிச்சம்.